ஐம்பத்தைந்து கிலோவுக்குள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கபடி பிடிக்காது. ஆறு வருஷம் மண்ணில் உட்கார்ந்து பார்த்தும் பிடிக்கவில்லை. என் மகள் ஏழாம் வகுப்புப் படித்தபோது பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். படிப்பில் ஏதோ புகார் சொல்லப்போகிறார் என்று பயந்துகொண்டு போனேன். "உங்க புள்ளைய நாலு பேரு புடிச்சாலும் நழுவிட்டு வந்துருதுங்க. எங்கிட்ட உடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றார் அவர். நல்லவேளை, இவ்வளவுதானா என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அந்த ஒரு தலையாட்டலுக்கு ஆறு வருஷம் அனுபவித்தேன்.

நான் புதுச்சத்திரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் வேலை பார்க்கிறேன். எந்தக் கொட்டகைக்கு எவ்வளவு தீவனம் என்று நிறுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்று பேர். வீட்டுக்காரர் போர்வெல் வண்டியோடு சத்தீஸ்கர், ஒடிசா என்று போய்விடுவார். பொங்கலுக்கு ஒரு தடவை, ஆடிக்கு ஒரு தடவை முகத்தைக் காட்டுவார். அதனால் மகளை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போவது, காத்துக் கிடப்பது, கூட்டிக்கொண்டு வருவது, முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பது எல்லாமே என் தலையில் விழுந்தது. "புள்ள ஜெயிச்சுதா?" என்று போனில் கேட்பதோடு அவர் வேலை முடிந்தது.

காத்துக் கிடப்பது என்றால் சும்மா இல்லை. தம்மம்பட்டியில் ஒரு தடவை காலை எட்டு மணிக்கு ஆட்டம் என்று சொல்லி, மதியம் மூன்றரைக்கு இறக்கினார்கள். அதுவரை மைக் பிடித்த ஆள் ஒவ்வொரு பெரிய மனிதருக்கும் துண்டு போர்த்திக்கொண்டே இருந்தார். பெண்பிள்ளைகளை ஆடக் கூப்பிடுவார்கள், ஒதுங்க ஒரு இடம் கட்டி வைக்க மாட்டார்கள். எட்டுப் பெண்களை வரிசையாகக் கூட்டிக்கொண்டு போய், முன்பின் தெரியாத வீட்டு வாசலில் நின்று, "ஏனுங்க, புள்ளைங்க சித்த பாத்ரூம் போயிக்கட்டுங்களா?" என்று கெஞ்சுவேன். சிலர் முகம் கோணாமல் உள்ளே விட்டார்கள். சிலர் நாயை அவிழ்த்து விடாத குறை.

எனக்கு வாய் சும்மா இருக்காது. ஒவ்வொரு ஆட்டத்துக்குக் கிளம்பும்போதும் ஒரு பாட்டம் திட்டித் தீர்ப்பேன். "எப்படா இந்தக் கண்றாவி முடியும்" என்று வண்டியை உதைக்கும்போதே தொடங்கிவிடுவேன். பக்கத்து வீட்டுக்காரி, கடைக்காரர், பண்ணையில் கூட வேலை செய்கிறவர்கள், யார் கேட்டாலும் இதே புலம்பல்தான். மகள் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்ததும் எனக்கு ஒரு தெம்பு வந்துவிட்டது. "இந்த வருஷத்தோட என்ற பாடு ஓஞ்சுது சாமி" என்று அவளை வைத்துக்கொண்டே ஊருக்கெல்லாம் சொன்னேன். அவள் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருப்பாள். நானும் அவள் காதில் விழவில்லை என்றே வைத்துக்கொண்டேன்.

ஆட்டம் நடக்கும்போது நான் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டிருப்பேன் என்பதையும் சொல்ல வேண்டும். விடியற்காலையில் எழுந்து கொட்டகைக்கெல்லாம் தீவனம் அனுப்பிவிட்டு வந்தவளுக்கு நிழல் கிடைத்தால் தூக்கம் வராமல் என்ன செய்யும்? விசில் சத்தம் கேட்டால் திறந்து பார்ப்பேன். மகள் நிற்கிறாளா, விழுந்து கிடக்கிறாளா என்று பார்ப்பேன். நின்றால் மறுபடி மூடிக்கொள்வேன்.

அந்த வருஷம் பள்ளி ஆட்டங்கள் சீக்கிரமே தோற்று முடிந்தன. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. பொங்கல் முடிந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பனமரத்துப்பட்டியில் பெண்களுக்கான போட்டி. இளவட்டங்கள் சேர்ந்து வருஷா வருஷம் நடத்துவது. வயசுக் கணக்கெல்லாம் கிடையாது, எடைதான் கணக்கு. ஐம்பத்தைந்து கிலோவுக்கு மேல் ஒரு கிராம் இருந்தாலும் கோட்டுக்குள் விட மாட்டார்கள். என் மகளின் அணி மூன்று வருஷமாக அரையிறுதி வரை வந்து அங்கேயே தோற்றுப்போயிருந்தது. ஏழாம் வகுப்பிலிருந்து ஒன்றாக ஆடிய ஏழு பிள்ளைகள். பரீட்சை முடிந்தால் ஒருத்தி கோயமுத்தூர், ஒருத்தி சென்னை, என் மகள் நர்சிங் படிக்க விடுதி. "இந்த ஒரு தடவைம்மா. அப்புறம் நாங்க ஒண்ணா நிக்கவே மாட்டோம்" என்று அவள் சொன்னாள். எதையும் கேட்டுப் பழகாத பிள்ளை. அவள் குரலில் இருந்த ஆசை எனக்கே வலித்தது.

சிக்கல் என்னவென்றால், ஆடிக்குப் பிறகு அவள் திடீரென்று உயர்ந்துவிட்டாள். போன வருஷம் வரை ஐம்பத்தொன்று, ஐம்பத்திரண்டு என்று இருந்தவள்; எடையைப் பற்றி யாரும் நினைத்ததே இல்லை. டிசம்பரில் சுடிதார் தோளில் பிடித்தபோதுதான் எனக்கு உறைத்தது. பொங்கலுக்கு இருபது நாள் இருக்கும்போது பண்ணைத் தராசில் ஏற்றிப் பார்த்தேன். ஐம்பத்தாறு புள்ளி மூன்று.

தராசு என் ராஜ்ஜியம். இருபது கிராம் தீவனம் கூடினாலும் குறைந்தாலும் என் கைக்குத் தெரியும் என்று பண்ணையில் கேலி பேசுவார்கள். அதனால் மகளை எடைக்குக் கொண்டுவருவது என் வேலை என்று எடுத்துக்கொண்டேன். ராத்திரிச் சோற்றை நிறுத்தினேன். இட்லி இரண்டு, அதற்கு மேல் கிடையாது. வீட்டில் எந்நேரமும் கீறல் முட்டை கிடக்கும். பண்ணையில் வேலை செய்கிறவர்களுக்குக் கொடுப்பது. அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். பொங்கலன்று எல்லார் வீட்டிலும் சர்க்கரைப் பொங்கல் மணக்க, என் மகள் ஒரு கரண்டி வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தாள். ஊருக்கு வந்திருந்த வீட்டுக்காரர், "புள்ளையப் பட்டினி போட்டு என்னத்த சாதிக்கப்போற?" என்று கத்தினார். "நீங்க பேசாம இருங்க, உங்களுக்கு என்ன தெரியும்" என்று நானும் கத்தினேன்.

தினமும் காலையில் ஸ்கூலுக்குப் போகும் வழியில் பண்ணைக்கு வந்து தீவன அறையில் எடை பார்த்துக்கொண்டு போவாள். நான் தீவனம் நிறுத்துக்கொண்டிருப்பேன். தராசின் மேல் இருக்கும் அன்னக்கூடையை, அதாவது தீவனம் அள்ளும் பிளாஸ்டிக் கூடையை, இறக்கிக் கீழே வைப்பேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவாள். ஐம்பத்தைந்து புள்ளி எட்டு. ஐம்பத்தைந்து புள்ளி இரண்டு. சனிக்கிழமை காலை ஐம்பத்துநான்கு புள்ளி ஏழு. இரண்டு பேரும் அந்த அறையில் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குதித்தோம். தீவனத் தூசியில் தும்மல் வந்தது. அப்படி அவளோடு சேர்ந்து குதித்து எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மற்றப் பிள்ளைகள் டீச்சரோடு வேனில் போனார்கள். நானும் மகளும் என் மொபெட்டில் போனோம். அன்றைக்கு நான் திட்டவில்லை. ஏரிக்கரையை ஒட்டிய பொட்டலில் கோடு போட்டிருந்தார்கள். எடை போடும் மேசைக்கு முன்னால் வரிசை. ஆறு பேர் ஏறி இறங்கினார்கள், எல்லாரும் சரி. என் மகள் ஏறினாள். மேசையில் இருந்த ஆள் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஐம்பத்தஞ்சு அறுநூறுங்க. இந்தப் புள்ள ஆட முடியாது."

எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. "உங்க தராசு கோளாறுங்க" என்றேன். "நேத்துக் காலையில ஐம்பத்துநாலு எழுநூறு. அதுக்கப்பறம் புள்ள பச்சத்தண்ணி கூட ஒழுங்காக் குடிக்கல. நான் தராசோடயே பொழைக்கிறவ, எங்கிட்டயே கதை உடறீங்களா?" வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் என் கையைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை. அந்த ஆள் நல்ல மனிதர், குரலை உயர்த்தவே இல்லை. சமையலுக்கு வைத்திருந்த பிரிக்காத இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பத்தைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். "நீங்களே பாருங்கக்கா" என்று அதைத் தராசில் வைத்தார். இருபத்தைந்து. சரியாக இருபத்தைந்து. சிப்பத்தை இறக்கினார்கள். தராசு பூச்சியம் காட்டியது.

அந்தப் பூச்சியத்தை மறுபடி மறுபடி பார்த்தேன். மேலே ஒன்றும் இல்லாத தராசு பூச்சியம் காட்ட வேண்டும். எங்கள் தீவன அறைத் தராசு அப்படிக் காட்டி எத்தனை வருஷம் ஆகிறது? நாங்கள் காலி அன்னக்கூடையை மேலே வைத்துப் பூச்சியம் ஆக்கிவிடுவோம், தீவனத்தின் எடை மட்டும் தெரியவேண்டும் என்பதற்காக. கூடையை இறக்கினால் மைனஸ் தொள்ளாயிரம் என்று காட்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த மைனஸ் அங்கே நின்றுகொண்டிருக்கும். பார்த்துப் பார்த்துப் பழகிப்போய், அது என் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. வேறு எவளாவது பார்த்திருந்தால், எண்ணுக்கு முன்னால் இதென்ன கோடு என்று கேட்டிருப்பாள். நான் கேட்கவில்லை. இத்தனை நாளும் மகளின் எடையில் தொள்ளாயிரம் கிராமைக் கழித்துச் சொல்லியிருக்கிறேன்.

இத்தனை பேர் முன்னால் அத்தனை கத்திவிட்டு, தப்பு என்னுடையது என்று சொல்ல நாக்கு புரளவில்லை. ஒரு மணி நேரம் தருகிறோம், குறைத்துக்கொண்டு வந்தால் மறுபடி ஏறலாம் என்றார்கள். டீச்சர் தன் ரெயின்கோட்டை அவளுக்கு மாட்டிவிட்டார். மகள் ஏரிக்கரை மேல் ஓடத் தொடங்கினாள். ஏரிக்குள் தண்ணீர் இல்லை, கண்ணுக்கு எட்டிய தூரம் சீமைக்கருவேலம். அந்தக் கடைசி வரைக்கும் ஓடி, சின்னப் புள்ளியாகி, திரும்பி வந்தாள். மறுபடி போனாள். உச்சி வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் கரையடியில் நின்று பார்த்தேன். ஆறு வருஷத்தில் கண்ணை மூடாமல் அவளைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

முதல் தடவை ஐம்பத்தைந்து முந்நூறு. மறுபடி ஓடினாள். வாயில் எச்சில் வற்றி, துப்பக்கூட ஒன்றும் இல்லை. இரண்டாவது தடவை ஐம்பத்தைந்து நூற்றைம்பது. இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. "ஓடறேன் டீச்சர்" என்று திரும்பினவள் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் ரெயின்கோட்டைக் கழற்றினார். உள்ளே சட்டை பிழிந்தால் சொட்டும்போல இருந்தது. "போதும் அம்மிணி. உசிரு முக்கியம்" என்று அவரே தண்ணீர் பாட்டிலைத் திறந்து வாயில் வைத்தார். அவள் வாயை இறுக மூடிக்கொண்டு ஒருதரம் தராசைப் பார்த்தாள். அப்புறம் குடித்தாள். குடித்துக்கொண்டே அழுதாள். அந்தத் தண்ணீரோடு எல்லாம் முடிந்தது என்று அவளுக்குத் தெரியும்.

அவள் இடத்தில் மாற்றுப் பிள்ளை இறங்கினாள். என் மகள் கோட்டுக்கு வெளியே என் பக்கத்தில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தினாள். இடது பக்கம் பார், போனஸ் எடு, திரும்பி வா, திரும்பி வா. முதல் இரண்டு ஆட்டம் ஜெயித்தார்கள். அரையிறுதியில் நான்கு பாயிண்டில் தோற்றார்கள். ஆறு பிள்ளைகளும் வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருத்தியும் அவளைக் குறை சொல்லவில்லை. "நான் நேத்து ஒரு முட்டை தின்னுட்டேன்" என்று அவள் அவர்களிடம் சொன்னாள். "பசி தாங்கல. அம்மாவுக்குத் தெரியாம பக்கத்து வீட்டுல வாங்கி அவிச்சுத் தின்னேன். அந்த முட்டையாலதான்." ஒரு பிள்ளை அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது மல்லூர்ப் பிரிவில் வண்டியை நிறுத்தி இளநீர் வாங்கிக் கொடுத்தேன். அவள் குடித்துமுடிக்கும் வரை பொறுத்தேன். "முட்டையால இல்ல சாமி" என்றேன். கூடையையும் மைனஸையும் சொன்னேன். கடைக்காரர் காதில் விழாதபடி மெதுவாகச் சொன்னேன், ஆனாலும் ஒன்றையும் மறைக்கவில்லை. அரிசிச் சிப்பத்தை இறக்கியபோதே எனக்குத் தெரிந்துபோனதையும் சொன்னேன்.

கத்துவாள், அழுவாள், ஒரு வாரம் பேசமாட்டாள் என்று எல்லாவற்றுக்கும் மனசைத் தயார் பண்ணி வைத்திருந்தேன். அவள் சாதாரணமாக, மணி என்ன என்று கேட்பதுபோலக் கேட்டாள்.

"வேணும்னே பண்ணுனியாம்மா?"

"ஐயோ, என்ன சாமி இப்படிக் கேக்கற?"

"இல்ல, முடிஞ்சாப் போதும்னு சொல்லிட்டே இருந்தியே. அதான் கேட்டேன்."

"மாரியாத்தா சத்தியமா இல்ல" என்று அவள் தலையில் கையை வைத்தேன். அவள் தலையை நகர்த்தவில்லை. "செரி" என்றாள். இளநீரை ஓரமாகப் போட்டுவிட்டு வண்டியில் ஏறினாள். எப்போதும் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வருவாள். அன்றைக்குப் பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து வந்தாள். லாரிகள் உரசுவதுபோலக் கடந்து போகும் ரோட்டில் என் கண் மறைத்தது. இரண்டு இடத்தில் நிறுத்தித் துடைத்துக்கொண்டு ஓட்டினேன். தூசி என்றேன்.

நான் வேண்டுமென்று செய்யவில்லை. அது சத்தியம். ஆனால் ஒரு பிள்ளை தன் தாயைப் பார்த்து அப்படிக் கேட்க இடம் இருந்ததே, அந்த இடத்தை ஆறு வருஷமாக வாயாலேயே வெட்டி வைத்தவள் நான்தானே. வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். "உடு, அவ மறந்துருவா" என்றார். அவருக்கு என்ன தெரியும்.

பத்து நாள் கழித்து டீச்சர் கூப்பிட்டார். ராசிபுரம் பக்கம் ஒரு போட்டி, அறுபது கிலோப் பிரிவு, எடைத் தொல்லை இல்லை, ஏழு பேரும் சேர்ந்து ஒரு தடவை ஆடிவிடட்டும் என்றார். எனக்கு உயிர் வந்ததுபோல இருந்தது. போனைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடினேன். மகள் தரையில் உட்கார்ந்து உயிரியல் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"சாமி, ஞாயித்துக்கிழமை ராசிபுரத்துல மேட்சாம். அறுபது கிலோ. நான் கூட்டிட்டுப் போறேன். ஒரு வார்த்தை திட்ட மாட்டேன்."

அவள் பென்சிலை நிறுத்தவில்லை. "வேண்டாம்மா. படிக்கணும்."

"ஒரே ஒரு நாள்தான். காலையில போயிட்டுப் பொழுதோட வந்துரலாம். எல்லாப் புள்ளைங்களும் வருது."

"யாருக்கும்மா இது? எனக்கா, உனக்கா?"

அதிலும் கோபம் இல்லை. கோபமாகக் கேட்டிருந்தால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். "எனக்குத்தான்" என்றேன். "நீ கபடி பாடிப் போயிட்டுத் திரும்பி வாரத நான் ஒருதரம் முழுசாப் பாக்கணும் சாமி."

அவள் பென்சிலை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஆறு வருஷமாப் போயிட்டுத்தானம்மா வந்தேன்" என்றாள். "எனக்கு அன்னைக்கே முடிஞ்சிருச்சு. நான் வரலீன்னு சொல்லிரு." சொல்லிவிட்டு மறுபடி குனிந்து வரையத் தொடங்கினாள்.

வாசலுக்கு வந்து டீச்சரிடம், புள்ளைக்குப் பரீட்சை நெருங்கிவிட்டது, வர முடியாது என்று சொன்னேன். அவர் நம்பிவிட்டார். "செரிங்க, படிக்கட்டும். உங்களுக்கும் இனி அலைச்சல் மிச்சமுங்க" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.